லேப்டாப்புக்குப் பதில் சொல்வது யார்? எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர்கள் ஓர் ஒப்பீடு

"தம்பி, இது எத்தனை மீட்டர் போகும்?"

மண்டபத்துக்காரரோ பள்ளித் தாளாளரோ ஆஸ்பத்திரி மேலாளரோ, லேப்டாப்பின் எச்டிஎம்ஐ படத்தைத் தூரத்துத் திரைக்குக் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் என்றதும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பெட்டியின் மேலும் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: 30 மீட்டர், 60 மீட்டர், 120 மீட்டர். பதினைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். தூரம் போதாமல் படம் வராத இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற இடங்களில் எல்லாம், லேப்டாப் கேட்கும் ஒரு கேள்விக்கு மறுமுனையிலிருந்து சரியான பதில் வரவில்லை. அதுதான் கோளாறு.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மேடையருகே வீடியோக்காரர்களின் மேசை. அங்கிருந்து சாப்பாட்டு ஹாலில் இருக்கும் டிவிக்கு, கேபிள் சுற்றிப் போகும் வழியில் 45 மீட்டர். மேசையில் லேப்டாப், அதன் படத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஸ்பிளிட்டர். அதன் முதல் அவுட் எக்ஸ்டெண்டர் வழியாகச் சாப்பாட்டு ஹாலுக்கு, இரண்டாவது அவுட் மேடைப் பக்க எல்இடி சுவருக்கு. ஒரு முகூர்த்த நாளில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் எல்இடி சுவர் கறுத்துப் போனது. சில விநாடி கழித்துத் திரும்ப வந்தபோது படம் ஒருபக்கம் வெட்டுப்பட்டிருந்தது. மேடைப் பக்கம் யாரும் எதையும் தொடவில்லை. சாப்பாட்டு ஹாலில் ஐஸ்கிரீம் பெட்டிக்கு பிளக் வேண்டும் என்று ஒருவர் டிவியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். எக்ஸ்டெண்டரின் ரிசீவர் பெட்டிக்கு அந்த டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்துதான் கரண்ட். டிவி அணைந்ததும் ரிசீவர் அணைந்தது, முதல் அவுட்டில் திரை இல்லை என்று ஸ்பிளிட்டர் லேப்டாப்புக்குச் சொன்னது. லேப்டாப் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த திரைக்கு ஏற்ப வேறு ரெசல்யூஷனில் புதிதாக ஆரம்பித்தது.

தாலி கட்டுவதைப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் பார்க்கவில்லை. திரும்ப ஓட்டிக்காட்டி ஈடுசெய்கிற விஷயமா அது? அந்த இணைப்பைப் போட்டவன் நான். அன்றிலிருந்து எந்த எக்ஸ்டெண்டரை எடுத்தாலும் மீட்டர் கணக்குக்கு முன்னால் ஒன்றைப் பார்க்கிறேன்: லேப்டாப்புக்குப் பதில் சொல்வது யார்?

மானிட்டரின் ஜாதகம்

எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகியதும் படம் உடனே போய்விடுவதில்லை. 19 பின்களில் 18ஆவது வழியாக லேப்டாப் 5 வோல்ட் கொடுக்கிறது. மறுமுனையில் திரை இருந்தால் 19ஆவது பின் உயர்கிறது. 'ஆள் இருக்கிறேன்' என்பதற்கு அது அடையாளம். பிறகு 15, 16ஆம் பின்கள் வழியாக லேப்டாப் திரையின் குறிப்பைப் படிக்கிறது. அந்தக் குறிப்புக்குப் பெயர் ஈடிஐடி. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா (VESA) அமைப்பு 1994இல் வகுத்தது. கல்யாண வீட்டில் வேலை பார்க்கிறவனுக்கு இதை ஜாதகம் என்று சொல்வதுதான் சுலபம். பொருத்தம் பார்க்காமல் லேப்டாப் படம் அனுப்பாது.

அடிப்படை ஜாதகம் வெறும் 128 பைட். தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி, திரையின் அளவு, எந்தெந்த ரெசல்யூஷன் தாங்கும், அதில் எது தனக்கு உகந்தது, 13 எழுத்துக்குள் ஒரு பெயர், எல்லாம் அதற்குள்ளேயே. கடைசி பைட் கூட்டிப் பார்க்கும் கணக்கு. 128 எண்களையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வராவிட்டால் குறிப்பு பழுது. டிவிகளில் இன்னொரு 128 பைட் இணைப்பும் உண்டு. 'நான் எச்டிஎம்ஐ திரை, எனக்கு ஒலி கேட்கும், இத்தனை சேனல்' என்பதெல்லாம் அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. "படம் வருது, சத்தம் வரலை" என்று வருகிற போன்களில் பாதிக்குக் காரணம் இதுதான். முதல் பாதி வந்து சேர்ந்து இரண்டாம் பாதி வரவில்லையென்றால், எதிரே இருப்பது பழைய டிவிஐ மானிட்டர் என்று லேப்டாப் எண்ணிக்கொண்டு ஒலியை அனுப்பாமல் விட்டுவிடும். குறிப்பே வரவில்லையென்றால் 640×480 அல்லது 1024×768 என்று ஏதாவது ஒரு பாதுகாப்பான அளவில் நிற்கும்.

எக்ஸ்டெண்டர் என்பது இந்தப் பொருத்தத்துக்கு நடுவில் உட்காரும் தரகர். தரகர்களில் மூன்று விதம் உண்டு. ஒருவர் ஜாதகத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பவர். ஒருவர் தன்னால் நடத்த முடிந்த அளவுக்கு அதைத் திருத்திக் கொடுப்பவர். மூன்றாமவர் தானே ஒன்று எழுதிக் கொடுத்துவிடுபவர். சந்தையில் இருக்கிற வகைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

இரண்டு கேபிள் போகும் பாசிவ் வகை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கட்டைவிரல் அளவு இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் நெட்வொர்க் கேபிள் சொருகும் ஆர்ஜே45 துளை இரண்டு. உள்ளே பெரும்பாலும் சிப் எதுவும் கிடையாது. எச்டிஎம்ஐ கம்பிகளை இரண்டு நெட்வொர்க் கேபிள்களில் பிரித்து விட்டிருப்பார்கள். ஒன்றில் படம், மற்றதில் ஜாதகம்.

அப்படியே கொண்டுவந்து கொடுக்கிற தரகர் இவர். நேர்மையானவர், ஆனால் உடம்பில் தெம்பில்லை. ஈடிஐடி போகும் கம்பிகள் மெதுவானவை, விநாடிக்கு ஒரு லட்சம் துடிப்புதான். ஆனால் கேபிள் நீள நீள அதன் மின்தேக்கம் ஏறி, துடிப்பின் விளிம்பு மழுங்கிவிடும். 5 வோல்ட்டும் வழியிலேயே இறங்கும். அதனால் 25 மீட்டரில் சில சமயம் படம் போகிற தெம்பு இருந்தும் ஜாதகம் திரும்பி வராது. காலையில் வேலை செய்தது மாலையில் வேலை செய்யாது. தாமிரம் பூசிய அலுமினியக் கேபிளாக இருந்தால் இன்னும் மோசம். கடைகளில் கேட் 6 நெட்வொர்க் கேபிள் என்று மலிவாகக் கொடுப்பதில் அது நிறைய இருக்கிறது. கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள், வீட்டில் ஒரு டிவிக்கு என்றால் சரி. பொது இடத்தில் இதை நான் போடுவதில்லை.

ஒரே கேபிளில் போகும் சில ஆயிரம் ரூபாய் வகை

நம் ஊரில் அதிகம் விற்பது இதுதான். ஒரு கேட் 6 கேபிள், இரு முனையிலும் பெட்டி, பெட்டிக்குள் சிப். 1080பி படத்தை 50, 60 மீட்டர் கொண்டு போகும். நல்லதாக அமைந்துவிட்டால் பல வருஷம் உழைக்கும். ஆனால் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பெட்டிகள் ஈடிஐடி விஷயத்தில் நேரெதிராக நடந்துகொள்ளும்.

லேப்டாப் பக்கம் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் 'லூப் அவுட்' என்று இன்னொரு எச்டிஎம்ஐ துளை இருந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அங்கே பக்கத்தில் ஒரு சின்ன மானிட்டர் வைத்தால், சில பெட்டிகள் அந்த மானிட்டரின் ஜாதகத்தை லேப்டாப்பிடம் கொடுத்துவிடும். மேசையில் இருப்பது 1366×768 மானிட்டர், தூரத்தில் இருப்பது முழு எச்டி புரொஜெக்டர் என்றால், புரொஜெக்டரும் 1366×768இல்தான் ஓடும். புரொஜெக்டரை மாற்றினாலும் கேபிளை மாற்றினாலும் பயனில்லை. வேறு சில பெட்டிகள் தூரத்துத் திரையை மட்டுமே கேட்கும். எது எப்படி என்று அட்டையில் எழுதியிருக்க மாட்டார்கள். செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல், '4கே' என்ற முத்திரை. கொஞ்சம் கணக்குப் போடலாம். 1080பி 60 பிரேமுக்குத் தேவை விநாடிக்கு ஏறத்தாழ 4.5 கிகாபிட். 4கே 30 பிரேம் என்றால் அதைப்போல இரு மடங்கு, 8.9. 4கே 60 பிரேமை முழு நிறத்தோடு அனுப்ப 17.8. எச்டிஎம்ஐ 1.4 தலைமுறைச் சிப் தாங்குவது 10.2 மட்டுமே. ஆக, பெட்டி மேல் இருக்கும் 4கே பெரும்பாலும் 30 பிரேம் 4கே. மௌஸ் நகர்வதிலேயே இழுவை தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு. மறுமுனையில் இருக்கும் புது டிவியின் ஜாதகத்தில் '4கே 60 எனக்கு உகந்தது' என்று இருக்கும். பெட்டி அதைத் திருத்தாமல் கொடுத்தால் லேப்டாப் அதை நம்பி 4கே 60 அனுப்பும். நடுவில் இருக்கிற பெட்டியால் அதைத் தூக்க முடியாது. திரை கறுப்பு. லேப்டாப்பும் டிவியும் நல்ல நிலையில் இருக்கும், டிவியை நேரடியாகச் சொருகினால் படம் பளிச்சென்று வரும், ஆனால் எக்ஸ்டெண்டர் வழியாக மட்டும் வராது. இப்படி ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறேன். தன் சக்திக்கு ஏற்பக் குறிப்பைத் திருத்திக் கொடுக்கும் பெட்டிதான் இந்த இடத்தில் நல்ல பெட்டி.

எச்டிபேஸ்டி

2010இல் எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ், வேலன்ஸ் ஆகிய நான்கும் கூடி ஆரம்பித்த கூட்டமைப்பின் தரம் இது. ஒரே கேட் கேபிளில் படம், ஒலி, ஈத்தர்நெட், கட்டுப்பாட்டுச் சைகை, மின்சாரம் ஐந்தும் போகும். 100 மீட்டர்வரை 1080பி. மலிவு வகுப்பில் 70. முதல் தலைமுறைகளின் கொள்ளளவு அதே 10.2 கிகாபிட். பின்னால் வந்த 3.0 தரத்தில்தான் 4கே 60 முழு நிறத்தோடு, அமுக்காமல் (கம்ப்ரஸ் செய்யாமல்) போகிறது.

இதில் ஈடிஐடி கம்பியில் தட்டுத் தடுமாறி வருவதில்லை. டிஜிட்டல் தரவாகப் பொதிந்து கூடவே பயணிக்கிறது. அதனால் 5 மீட்டரிலும் 90 மீட்டரிலும் ஒரே ஜாதகம், எழுத்துப் பிசகாமல் வரும். டிரான்ஸ்மிட்டரிலிருந்தே ரிசீவருக்கு மின்சாரம் அனுப்பும் ஜோடிகள் கிடைக்கின்றன. என் கதையில் வந்த யூஎஸ்பி வினை அங்கே வராது. விலைதான் தடை, நல்ல ஜோடி பத்தாயிரத்தைத் தாண்டும். கேபிளும் முழுத் தாமிரமாக, நடுவில் சுவிட்சோ இணைப்போ இல்லாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். நெட்வொர்க் கேபிள் மாதிரி இருக்கிறதே என்று இதை அலுவலக நெட்வொர்க் சுவிட்சில் சொருகக் கூடாது. இது வேறு மொழி.

நெட்வொர்க் வழியாகப் போகும் ஐபி வகை

சுவிட்சில் சொருக வேண்டியது இதுதான். படத்தை அமுக்கி, நெட்வொர்க் பொட்டலங்களாக்கி அனுப்பும். ஒரு டிரான்ஸ்மிட்டருக்குப் பத்து ரிசீவர் வைக்கலாம். சாப்பாட்டு ஹால், வரவேற்பறை, மணமகள் அறை என்று டிவிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், அதாவது கேட்கிற துளைக்கு மட்டும் படத்தை அனுப்பும் வசதி, உள்ள சுவிட்ச் இல்லாவிட்டால் ஒரு டிவிக்குப் போகிற வெள்ளம் எல்லாத் துளைக்கும் பாய்ந்து, மண்டபத்து வைஃபை படுத்துவிடும்.

பத்து டிவி இருந்தால் யாருடைய ஜாதகத்தைக் கொடுப்பது? அதனால் மலிவான ஐபி டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் மூன்றாம் வகைத் தரகர். தாமே எழுதி வைத்த ஒரு குறிப்பைத்தான் கொடுக்கும். 'நான் 1080பி திரை, இரண்டு சேனல் ஒலி' என்று. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கல்யாண மண்டபத்துக்கு இது வரம் என்பேன். எந்த டிவி அணைந்தாலும் எந்த ரிசீவர் செத்தாலும் லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை இரண்டு. ஒன்று தாமதம். மேடைக்கு நேரே உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் திரையில் நாதஸ்வரக்காரரின் விரலும் ஓசையும் பிசகினால் உறுத்தும். சாப்பாட்டு ஹாலில் அது பிரச்சினையே இல்லை. இரண்டாவது, டிவி அளவல்லாத திரைகள். பள்ளி புரொஜெக்டர்கள் பல 1280×800 அல்லது 1920×1200. இந்தப் பெட்டி அவற்றுக்கும் 1080பிதான் அனுப்பும். மேலும் கீழும் பட்டை விழும், எழுத்துகள் லேசாகக் குழையும்.

எஸ்டிஐ: ஜாதகமே பார்க்காத வழி

வீடியோக்காரர்கள் டிரம்மில் சுற்றிக்கொண்டு வரும் பிஎன்சி கேபிள். எச்டிஎம்ஐயை எஸ்டிஐயாக மாற்றும் சின்னப் பெட்டி ஒரு முனையில், திரும்ப எச்டிஎம்ஐ ஆக்கும் பெட்டி மறுமுனையில். நல்ல கோஆக்சியல் கேபிளில் 1080பி 60 எண்பது, நூறு மீட்டர் போகும். எஸ்டிஐ ஒருவழிப் பாதை. திரையிலிருந்து திரும்பி வர வழியே கிடையாது, ஆகவே ஈடிஐடியும் கிடையாது. லேப்டாப்புக்குப் பதில் சொல்வது முதல் பெட்டி மட்டும். தொலைக்காட்சி நிலையங்கள் இந்தத் தொல்லை இல்லாமல் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் எல்லாப் பொறுப்பும் அனுப்புகிறவர் தலையில். தூரத்துத் திரைக்குப் புரியாத அளவில் அனுப்பினால் 'மாற்றிக்கொள்' என்று சொல்ல யாருமில்லை. நம் ஊரில் கேமராக்கள் 25, 50 பிரேமில் ஓடுவது வழக்கம். சில எல்இடி கன்ட்ரோலர்கள் 60ஐத்தான் எதிர்பார்க்கும். முதல் நாளே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். எச்டிசிபி என்ற நகல்தடுப்புப் பூட்டுள்ள செட்டாப் பாக்ஸ் படமும் இந்த வழியில் போகாது. மண்டபத்தில் கிரிக்கெட் போடச் சொன்னால் கைவிரிக்க வேண்டியதுதான்.

ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ கேபிள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டி கிடையாது, 4கே 60 சுலபமாகப் போகும், ஜாதகம் அப்படியே வரும். ஒரு முனை லேப்டாப்புக்கு, மறுமுனை திரைக்கு என்று எழுதியிருப்பார்கள். மாற்றி இழுத்துவிட்டால் குழாயிலிருந்து முழுக்க உருவ வேண்டும். மடங்கினால் முடிந்தது, ஒட்ட முடியாது. விஜிஏ எக்ஸ்டெண்டர் இன்னும் சில பள்ளிகளில் இருக்கிறது. அவற்றில் பல ஜாதகக் கம்பியை இழுத்ததே இல்லை. விண்டோஸ் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று காட்டினால் காரணம் அதுதான். அங்கே ரெசல்யூஷனைக் கையால் வைத்துவிட்டு, அடுத்த பட்ஜெட்டில் மாற்றச் சொல்லுங்கள்.

எந்த இடத்துக்கு எது

தினமும் வேறு வேறு ஆள், வேறு வேறு லேப்டாப், வேறு வேறு வீடியோ மிக்ஸர் வந்து சொருகும் இடம் என்றால் திரையின் உண்மை ஜாதகம் தேவையில்லை. நிலையான, அடக்கமான ஒரு குறிப்பு வேண்டும்: 1080பி, 50ம் 60ம், இரண்டு சேனல் ஒலி. மண்டபம், கட்சிக் கூட்ட மேடை, கருத்தரங்கக் கூடம் எல்லாம் இந்த வகை. ஐபி, எஸ்டிஐ, அல்லது பெட்டியிலேயே இருக்கும் டிப் சுவிட்ச் என்ற குட்டி சுவிட்சுகளில் குறிப்பைத் தேர்ந்தெடுக்க முடிகிற எச்டிபேஸ்டி. ஏற்கெனவே வேறு எக்ஸ்டெண்டர் இருக்கிறது, மாற்றப் பணமில்லை என்றால், ஈடிஐடி எமுலேட்டர் என்று ஒரு சின்னத் துண்டு கிடைக்கிறது. அதை லேப்டாப் பக்கம் சொருகினால் போதும். பின்னால் என்ன நடந்தாலும் அது நிலையான பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும். கொடுக்கிற காசுக்கு இதைவிட நிம்மதி தரும் சாமான் என் பையில் இல்லை.

இதற்கு நேர்மாறு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பார்க்கும் அறை. அங்கே மானிட்டர் 2048×2560 மாதிரி, செங்குத்தாக நிற்கும் அசாதாரண அளவு. கம்ப்யூட்டர் ஒன்றே, மானிட்டர் ஒன்றே, வருஷக்கணக்கில் மாறாது. டாக்டர் பார்க்கிற ஒவ்வொரு புள்ளியும் படத்தின் புள்ளியாக இருக்க வேண்டும். எலும்பில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்பது அதைப் பொறுத்தது. அங்கே சொந்தமாகக் குறிப்பு எழுதும் பெட்டியையோ படத்தை அமுக்கும் பெட்டியையோ வைக்கவே கூடாது. அந்த அளவைத் தாங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஜாதகத்தை அப்படியே கடத்தும் கருவியைத்தான் போட வேண்டும். முடிந்தால் கம்ப்யூட்டரையே அறைக்குள் கொண்டுவந்து விடுங்கள், எக்ஸ்டெண்டரே வேண்டாம்.

கடையில் வாங்கும்போது சொந்த லேப்டாப்பை எடுத்துப் போங்கள். நீங்கள் இழுக்கப் போகும் நீளத்துக்குக் கேபிளைப் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பக்கத்தைத் திறந்தால் மானிட்டரின் பெயர் தெரியும். டிவியின் பெயர் வந்தால் ஜாதகம் அங்கிருந்து வருகிறது. வேறு ஏதோ பெயர் வந்தால் பெட்டி தானே பதில் சொல்கிறது. அதே பக்கத்தில் 'டெஸ்க்டாப் மோட்', 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்று இரண்டு வரி இருக்கும். இரண்டிலும் ஒரே எண் வர வேண்டும். அப்புறம் ரிசீவரின் கரண்டைப் பிடுங்குங்கள். லேப்டாப் திரை ஒரு கணம் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால், தூரத்துக் கோளாறு மேசைவரை வருகிற பெட்டி அது. மறுபடி சொருகி, ஒலி வருகிறதா என்றும் கேளுங்கள். ஐந்து நிமிஷ வேலை. இதற்குச் சலித்துக்கொள்ளும் கடையில் வாங்காதீர்கள்.

அந்த மண்டபத்து அண்ணாச்சி என்னை விரட்டிவிடவில்லை. "என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சுச் சரிபண்ணிட்டுப் போ தம்பி" என்றார். மேசையில் ஸ்பிளிட்டருக்கு முன்னால் 1080பி எமுலேட்டர் வைத்தேன். சாப்பாட்டு ஹாலுக்கு ஐபி ஜோடி மாற்றினேன். ரிசீவருக்கு டிவியை நம்பாமல் தனி அடாப்டர். டிவிக்கு மேலே, ஸ்டூல் போட்டாலும் எட்டாத உயரத்தில் ஒரு பிளக் பாயிண்ட். ஐஸ்கிரீம் பெட்டிக்குக் கீழே தனியாக ஒன்று, அண்ணாச்சியே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டார்.